ஆவுடையக்காவும் குழாய் ஸ்பீக்கரும்

எங்கள் தெருவில் ஆவுடையக்காவை யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். என் வீடு அவள் வீட்டுக்கு நேர் எதிரே. காலையில் கதவைத் திறந்தால் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அந்த முகம் யாரையும் பார்த்துச் சிரித்து நான் கண்டதில்லை. குப்பை வண்டிக்காரரோடு சண்டை, தண்ணீர் திறந்துவிடுகிறவரோடு சண்டை, அவள் சுவரில் சைக்கிளைச் சாய்த்தவனோடு சண்டை. இதெல்லாம் சில்லறை. பெரிய சண்டை கூடப்பிறந்த தம்பியோடு.

தம்பி சங்கரபாண்டிக்கு மைக் செட் தொழில். அவர்களுடைய அப்பா கோமதிநாயகம் ஆரம்பித்தது. சங்கரன்கோவிலில் கல்யாணமோ சடங்கோ கோவில் கொடையோ கட்சிக் கூட்டமோ, ஒரு காலத்தில் எதுவானாலும் கோமதிநாயகம் ரேடியோ செட்தான் பாடும். வேப்பமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு அவர் கீழே வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இசைத்தட்டுகளைத் துடைத்துக்கொண்டு ஆவுடை உட்கார்ந்திருப்பாள். வீட்டில் உடம்பு சரியில்லாத ஆள் கிடக்கிறது, கொஞ்சம் குறையுங்கள் என்று யாராவது வந்து கேட்டால் அவர் எழுந்துபோய் இன்னும் ஒரு திருகு கூட்டிவைப்பார். சத்தம் இல்லையென்றால் அது என்ன விசேஷம் என்பார். அப்பாவைப் பற்றி அவளுக்கு அப்போது பெருமை தாங்காது. ரேடியோ செட்டுக்காரர் மகள் என்பதே பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் போதுமான பெயராக இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு விசைத்தறிக்கு வேலைக்குப் போனாள். இருபது இருபத்தைந்து வருஷம் தறிகளுக்கு நடுவே நின்றதில் காது இரைச்சல் வந்துவிட்டது. காதுக்குள்ளே ஒரு வண்டு குடியிருக்கிறது, அது தூங்குவதே இல்லை என்பாள். புருஷன் போய்ச் சேர்ந்தார். மகள் திருப்பூரில். கோமதிநாயகமும் இறந்த பிறகு வீட்டைப் பிரிக்கும் பேச்சு வந்தது. அவள் பாதியையும் தனக்கே கொடுத்துவிட்டால் சாமான்கள் போட இடம் ஆகும் என்று தம்பி கேட்டான். அப்பன் வீட்டில் எனக்கும் பாதி உண்டு, செத்தாலும் தரமாட்டேன் என்று பதினாறாம் நாள் விசேஷத்தில் பந்தியில் வைத்துச் சொன்னாள். நடுவே சுவர் வைத்து வீட்டைப் பிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருஷம்.

அதற்குப் பிறகுதான் நடுச்சுவர் அதிர ஆரம்பித்தது. வாடகைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவன் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் போட்டுப் பார்ப்பான். சுவரை ஒட்டி வைத்துத்தான் போடுவான். வருஷத்துக்கு வருஷம் சத்தம் கூடியது. வேண்டுமென்றே செய்கிறான் என்று அவள் சொன்னாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நினைத்து உள்ளுக்குள் ரசித்தோம் என்றே சொல்லலாம். தம்பி பெண்டாட்டி சுமதி மட்டும் இரண்டு பக்கமும் போய்வருவாள். மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மதினிக்குப் போகும். எங்கள் தெருவில் ஆவுடையக்காவிடம் குரலைத் தணித்துப் பேசிய ஒரே ஆள் சுமதிதான்.

புரட்டாசியும் ஐப்பசியும் எங்கள் ஊருக்கு நல்ல மாதங்கள். அதுவரை எரித்த வெயில் இறங்கும். வாசுதேவநல்லூர்ப் பக்கம் மலைமேல் மேகம் இறங்கிக் கிடக்கும். இளையரசனேந்தல் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் உரக்கடை முன்னால் நின்று வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நவராத்திரி, தீபாவளி, கோமதியம்மன் திருக்கல்யாணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆவுடையக்காவுக்கு இந்தப் பருவத்தில் பிடித்தது மழை மட்டும்தான். பெரிய மழை பெய்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் ஊர் வாயை மூடும் என்பாள். மற்றபடி திருநாள் என்ற வார்த்தையே அவளுக்குக் கசந்தது.

இந்த வருஷம் நவராத்திரிக்கு எங்கள் விழாக் கமிட்டி முச்சந்திப் பிள்ளையார் கோவிலில் ஒன்பது நாளும் பாட்டு வைத்தது. மைக் செட் வழக்கம்போல் சங்கரபாண்டி. தெருவிளக்குக் கம்பத்தில் அவன் கட்டிய ஒரு குழாய், அவள் ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. விடியுமுன் பக்திப் பாட்டு, பொழுது சாய்ந்தால் மறுபடி. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கமிட்டிக்காரர்களிடம் வந்து திருப்பிக் கட்டச் சொன்னாள். சாமி பாட்டைக் கேட்க முடியாதவள் எதற்குச் சாமி ஊரில் குடியிருக்கிறாய் என்று ஒருவன் கேட்டான். நாங்கள் சிரித்தோம். அவள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை தென்காசிக்குப் பஸ் ஏறினாள். கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மனு கொடுத்துவிட்டு வந்து, தறிக்காரத் தொண்டையில், தெருவுக்கே கேட்கும்படி அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போனாள். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று இருந்தோம். நடந்தது. திருநாளின் பாதியில் போலீஸ்காரர் இருவர் வந்து, கம்பத்தில் குழாய் கட்ட அனுமதி உண்டா என்று கேட்டார்கள். எங்களிடம் இல்லை. எல்லாக் குழாயையும் இறக்க வேண்டியதாயிற்று. சங்கரபாண்டி ஏணியில் ஏறி இறக்கினான். ஜன்னலுக்குள்ளிருந்து அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மீதி நாள் திருநாள் ஊமையாகப் போனது. அந்தக் கோபத்தைத் தெரு விடவில்லை. குழாயடியில் அவள் குடம் வைத்தால் பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சுண்டல் எல்லா வீட்டுக்கும் போனது, அவள் வீட்டைத் தாண்டிப் போனது. யாரோ அவள் வாசல் கோலத்தின்மேல் சாணித் தண்ணீரை ஊற்றினார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை. தெருவில் நின்று, ஒவ்வொரு வீட்டுக்காரன் பெயராகச் சொல்லி, அவனவன் வீட்டுச் சங்கதியை எடுத்துவிட்டாள். என் வீட்டுச் சங்கதியும் வந்தது. உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் முதல் தேதி பகுதி சபைக் கூட்டம். வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசி, நகராட்சிக்குத் தீர்மானம் அனுப்புகிற கூட்டம் அது. எங்கள் கவுன்சிலர் ரூபியா, வயதில் சின்னவர், முதல் தடவை ஜெயித்தவர். பள்ளிக்கூட ஹாலில் நாற்காலி போட்டிருந்தார்கள். வழக்கமாக முப்பது பேர் வந்தால் அதிகம். அன்றைக்கு மழையிலும் ஹால் நிறைந்துவிட்டது. எல்லோரும் வந்தது சாக்கடைக்காக அல்ல, ஆவுடையக்காவுக்காக. அவளைப் பேசவிடாமல் செய்வது என்று முன்னாலேயே பேசிவைத்திருந்தோம்.

மைக் செட் சங்கரபாண்டிதான். மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிபயர் பெட்டியருகே நின்றுகொண்டிருந்தான்.

தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் முடிந்ததும் ரூபியா அவளைக் கூப்பிட்டார். அவள் மைக்கைப் பிடித்து, கம்பத்தில் குழாய் கட்டக்கூடாது, கோவிலுக்குள்ளே வைத்துக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்தாள். பின்வரிசையிலிருந்து கூச்சல் எழுந்தது. உட்காரு என்றார்கள். இன்னும் மோசமாகவும் சொன்னார்கள். அவள் மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தாள். அப்போது ஸ்பீக்கர் வீறிட்டது. மைக் விசிலடிக்கும் என்பார்களே, அது. ஊசியைக் காதில் இறக்கியதுபோல் இருந்தது. மொத்த ஹாலும் காதைப் பொத்திக்கொண்டது. ஒரு கைக்குழந்தை அலறியது. ரூபியாகூடக் காதைப் பொத்தினார்.

சங்கரபாண்டி மட்டும் பொத்தவில்லை. பெட்டியில் கை வைத்தபடி, எல்லோரும் எதற்குக் காதைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆவுடையக்கா மைக்கைக் கீழே வைத்தாள். விசில் நின்றது. அவனையே பார்த்தாள். ஆறு வருஷத்தில் அவனை அவள் அப்படி உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"ஏலே பாண்டி, அந்த விசில் ஒனக்குக் கேட்டுதா?"

அவள் வாய் அசைவதைப் பார்த்து அவன் இரண்டெட்டு முன்னால் வந்தான். "என்ன? என்ன கேக்கா?" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டான்.

"இவன் வேணும்னு கூட்டி வைக்கல. இவனுக்குக் காது கேக்கல. செவிடன்ட்ட செட்டக் குடுத்துட்டு நாம ஆடிக்கிட்டு இருக்கோம்" என்றாள் அவள். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது சங்கரபாண்டிக்குப் புரிந்தது, எதற்கு என்றுதான் புரியவில்லை. அவனும் பாதி சிரித்து வைத்தான். பின்னால் நின்ற சுமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மழையிலேயே வெளியே போனாள். அந்தச் சிரிப்பின் நடுவே ரூபியா தீர்மானத்தை வாசித்தார்: மின்கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டக்கூடாது. எதிர்க்க வந்த நாங்கள் எதிர்க்க மறந்துபோனோம். அது நிறைவேறியது.

சாயங்காலம் சுமதி ஆவுடையக்கா வாசலுக்கு வந்தாள். உள்ளே போகவில்லை. எதிர்வீட்டில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க மதினி? நாலு வருசமா வாடகைக்கு வார போனெல்லாம் நான்தான் எடுக்கேன். பக்கத்துல நின்னு கூட்டு, கொறைன்னு கையக் காட்டுதேன். நாலு சனத்துக்கு முன்னால வச்சா சொல்லணும்?"

"நீ எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா. ஆறு வருசமா என் மண்டையில இடிச்சானே, பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"சொல்லிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? இன்னைக்குச் செஞ்சதத்தான் அன்னைக்கும் செஞ்சிருப்பீங்க. இனி இந்த வாசல்ல நான் மிதிக்க மாட்டேன்."

ஆவுடையக்கா படியில் இறங்கி வந்து, சுமதி தன் வீட்டுக்குள் போகும்வரை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

செவிடன் செட் என்ற பெயர் ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. பேசிவைத்திருந்த கல்யாண வாடகைகள் வேறு செட்டுக்காரர்களுக்குக் கைமாறின. சாமான்கள் வெளியே போகாமல் கிடந்தன. நடுச்சுவர் அதிரவில்லை. ஆவுடையக்கா கேட்ட அமைதி வந்துவிட்டது. ஆனால் அவள் முன்னைவிட அதிகமாகத் தெருவில் வந்து நின்றாள். சுமதி கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தாள். கிண்ணம் எதுவும் வரவில்லை.

கோமதியம்மன் திருக்கல்யாணத்துக்கு எங்கள் கமிட்டி வாசுதேவநல்லூரிலிருந்து வேறொரு ஆளைப் பிடித்தது. அவன் குழாய் கொண்டுவரவில்லை. ஆள் உயரப் பெட்டிகளை லாரியில் இறக்கித் தரையில் அடுக்கினான். பாட்டுப் போட்டதும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. என் நெஞ்சுக்குள்ளேயே யாரோ குத்துவதுபோல் இருந்தது. ஆவுடையக்கா நேராக ரூபியா வீட்டுக்குப் போனாள். தீர்மானத்தில் கம்பமும் குழாயும்தான் இருக்கிறது, இது கம்பத்திலும் இல்லை, குழாயும் இல்லை என்று அவர் சங்கடத்தோடு சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவளைப் பார்த்துக் கமிட்டிக்காரர்கள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்கும் தலை வலித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் பக்கம் போய் நிற்கவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை நான் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மழை. ஆவுடையக்கா தென்காசி பஸ்ஸுக்காக, மனுவை நனையாமல் பாலிதீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் தள்ளி சுமதியும் சங்கரபாண்டியும். திருநெல்வேலியில் காது டாக்டரிடம் போகிறார்கள் என்று சுமதி என்னிடம் சொன்னாள். அவள் மதினி பக்கம் திரும்பவே இல்லை.

சங்கரபாண்டி அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நடந்து வந்து அக்கா முன்னால் நின்றான்.

"பொட்டி மேலயா மனு?"

அவள் தலையை ஆட்டினாள்.

"பொட்டின்னு எழுதிருந்தா கிழிச்சுப் போடு. நாளைக்கு வேற ஒண்ணக் கொண்டாருவான். ஒலிபெருக்கி எதுவானாலும்னு எழுது. சத்தம் இவ்வளவுக்கு மேல கூடாதுன்னு எழுது."

அவ்வளவுதான். திருநெல்வேலி பஸ் வந்ததும் சுமதி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள்.

ஆவுடையக்கா என்னிடம் பேனா கேட்டாள். கொடுத்தேன். "எனக்காவச் சொல்லல. அந்த வாசுதேவநல்லூர்க்காரன் மேல உள்ள எரிச்சல்ல சொல்லுதான்" என்றாள். அதுவும் உண்மையாக இருக்கலாம். நனைந்த பெஞ்சைச் சேலையால் துடைத்துவிட்டு உட்கார்ந்து, பெட்டி என்று எழுதியிருந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். தென்காசி பஸ் வந்து நின்றது. அவள் தலை நிமிரவில்லை. கண்டக்டர் கத்தினார். அவள் பதிலுக்கு அவரைத் திட்டினாள், பிறகு மீதியையும் எழுதி முடித்தாள்.