கொட்டகைக் கூரையில் தாய்மாமன்

ஜெர்மனிக்கு வந்து பதினாறு வருடமாகியும் எனக்குப் பிடிபடாத விஷயங்களில் ஒன்று, இங்கே அழுக்குக்குக் கிடைக்கும் மரியாதை. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி உர்சுலா ஒரு நாள் காலை புதுப் பையோடு வந்தாள். புதுச் சங்கிலி போட்டவள் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல் அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தாள். பழைய லாரித் தார்ப்பாயை வெட்டித் தைத்த பை. ஓரத்தில் கிரீஸ் கறை. துடைத்துவிடலாமே என்று கைக்குட்டையை எடுத்தேன். பதறிப் பின்வாங்கினாள். அந்தக் கறைக்காகத்தான் அதையே தேர்ந்தெடுத்தாளாம். இதற்கு அப்சைக்ளிங் என்று பெயர், என்று மந்திரம் ஓதுகிற குரலில் சொன்னாள்.

எங்கள் சேவுகம்பட்டியில் இதற்குப் பெயரே கிடையாது. பெயிண்ட் வாளியில் குளிப்போம். டிராக்டர் டயரை அறுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவோம். “கெடக்கட்டும், எதுக்காச்சும் ஆகும்” என்ற ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிடும். அந்த வீறாப்பில், ஊரிலிருந்து உனக்கொரு பை கொண்டுவருகிறேன் என்று உர்சுலாவிடம் சொல்லி, எதில் தைக்கப்போகிறேன் என்பதையும் கைபேசியில் காட்டினேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு வத்தலக்குண்டு மண்டப வாசலில் கட்டிய ஃபிளக்ஸ். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். வலப்புறம் அவர்களைவிடப் பெரிதாக, கோட்டு போட்டுக்கொண்டு நான். என் காதிலிருந்து கிளம்புவதுபோல ஒரு விமானம். கீழே கொட்டை எழுத்தில் “தாய்மாமன்”.

“தேர்தலில் நின்றாயா?” என்றாள்.

“இல்லை. பெண்ணுக்கு மாமா.”

“அப்படியானால் விழாவின் முக்கிய மனிதர் நீதான்!”

“நான் போகவில்லை.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இங்கே அது நாகரிகம். ஊரென்றால் டீக்கடை வரைக்கும் பின்னாலேயே வந்து கேட்டிருப்பார்கள். விடுப்பு கிடைக்கவில்லை என்றுதான் அக்காவிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் கேட்கவே இல்லை. வேலை மும்முரம், கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கித் தயங்கியே முகூர்த்தம் கடந்துவிட்டது. மணமேடையில் நான் போடவேண்டிய மாலையைப் பெரியப்பா மகன் போட்டான். அன்றிலிருந்து இரண்டு வருடம், அக்கா தொலைபேசியில் “சரி, வைக்கிறேன்” என்பதோடு முடித்துக்கொள்வாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

இந்த ஆடியில் ஊருக்குப் போனேன். அக்கா காப்பி கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. பேச்சுக்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று ஃபிளக்ஸைப் பற்றிக் கேட்டேன்.

“ஏன், இன்னொரு தடவ கட்டணுமாக்கும்?”

“இல்லக்கா, பை தைக்க. அங்க இதான் இப்ப நாகரிகம்.”

“அம்புட்டுத் தூரம் போயி இதத்தான் கத்துக்கிட்டியா? வா, காட்டுறேன்.”

மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். வெங்காயம் காயப்போட்ட சாக்குகளுக்கு நடுவே அந்தக் கல்யாணமே துண்டு துண்டாகக் கிடந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா தவிட்டு மூட்டைக்கு மூடியாகியிருந்தார். நான் மட்டும் கூரையில் முழுசாக இருந்தேன், விமானத்தோடு, முகம் கீழ்நோக்கி, நெற்றியில் சாணி தெறித்த ஒரு பொட்டோடு. நேர் கீழே செவலைப் பசு அசைபோட்டபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“படத்த ஏன்க்கா உள்பக்கமா கட்டியிருக்க?”

“வெயில்ல வெளுத்துப் போயிர மாட்ட?”

கூரையையே பார்த்துக்கொண்டு, “அந்த மூஞ்சி சரியா ஒரு பை அளவுக்கு இருக்கு, வெட்டிக் குடு” என்றேன்.

“ஏலே! உசுரோட இருக்கவன் மூஞ்சில கத்திரி வைக்கச் சொல்றியே, புத்தி கெட்டுப்போச்சா? மத்தவுகளையே கழுத்துக்குக் கீழதான் வெட்டுனேன். எழுத்த வேணா எடுத்துக்க.”

“தாய்மாமன்” என்று எழுதியிருந்த கீழ்ப்பட்டையை மட்டும் அறுத்தெடுத்து, செத்த நேரத்தில் மிஷினில் தைத்து, கைப்பிடியும் வைத்துவிட்டாள். நீட்டும்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள்.

“தையில சின்னவளுக்குக் கல்யாணம். ஒழுங்கா வந்து நில்லு. வரலேன்னா புதுசெல்லாம் அடிக்க மாட்டேன் பாத்துக்க. அந்தக் கூரை மூஞ்சில இருக்க சாணிப் பொட்டக் கழுவிட்டு, அதையே வாசல்ல கட்டிப்புடுவேன்.”

இரண்டு வருடத்தில் அவள் என்னைத் திட்டியது அன்றுதான். பேருந்து ஏறும்வரை அதையே மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையை உர்சுலாவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. வேறொன்று தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பையைக் காட்டியபோது, என்ன எழுதியிருக்கிறது, படம் எங்கே என்று கேட்டாள். பசுவிடம் இருக்கிறது என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள். அன்றே தை மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை.

நேற்று அக்காவே கூப்பிட்டாள். “இங்கன நல்ல மழ. கேக்குதா?” என்று கைபேசியைக் கொட்டகைப் பக்கம் நீட்டினாள். படபடவென்ற சத்தம். இங்கே கதவோர ஆணியில் “தாய்மாமன்” சொட்டு ஈரமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தான். அங்கே மழை என் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. கீழே பசு நனையவில்லை.