கரிசலில் புதைந்த வீடு

போன வாரம் பைபாஸில் என் கடைக்கு எதிரே ஒரு வீட்டுவண்டி வந்து நின்றது. வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்த வண்டி. கோயம்புத்தூர்க் குடும்பம். வீட்டுக்காரர் இறங்கி வந்து, "ராத்திரி இங்க நிறுத்திக்க எவ்வளவுங்க?" என்று கேட்டார். எனக்கு டீக்குத்தான் விலை சொல்லிப் பழக்கம். அதற்குள் வண்டியிலிருந்து பால் சேர்க்காத காப்பி வாசம் வந்தது. கொஞ்சம் தீய்ந்த வாசம். எனக்கு எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்தில் இருந்த கல்குவாரி ஞாபகம் வந்துவிட்டது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஐந்தாவதோடு நின்றவள், கோர்வையாக எழுதவும் வராது. இருந்தாலும் உங்களிடம் இதைச் சொல்லலாம்.

அப்போது குவாரி வாசலில் கொட்டகை போட்டு டீ விற்றேன். கல் உடைக்கிற கிரஷர் ஓடினால் டீயில் ஆடை மாதிரி கல்தூசி படியும். அதையும் சேர்த்துத்தான் குடித்தார்கள். "ஏட்டி, உன் டீயக் குடிச்சா வயித்துக்குள்ள ரோடு போட்டுரலாம்" என்பாள் அந்தோணியம்மா. அங்கே ஜல்லி அள்ளுகிறவள். அவள் வாய்க்குப் பயந்து மேனேஜரே சுற்றிப் போவார். டீ என்னவோ சுமார்தான். எனக்கே தெரியும்.

குவாரிக்கு முன்னால் பெரிய பொட்டல். யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். போர்வெல் வண்டிக்காரர்கள் வாரக்கணக்கில் கிடப்பார்கள். ஆட்டுக்காரர்கள் மந்தையோடு வந்து தங்குவார்கள். வடக்கத்தி லாரிக்காரர்கள் ரொட்டி சுடுவார்கள். யார், எவர் என்று கேட்க மாட்டோம். குடிதண்ணீர்த் தொட்டிப் பக்கம் குளிக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

அங்கேதான் இதே மாதிரி ஒரு வீட்டுவண்டியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். இரண்டு பேருக்கும் தலை பஞ்சாக நரைத்திருந்தது. ஓட்டி வந்தது அந்த அம்மா. எந்த நாடு என்று சொன்னார்கள், மனதில் நிற்கவில்லை. பெயரும் நாக்கில் நிற்கவில்லை. அந்தோணியம்மா பார்த்து மேரியம்மா என்று வைத்துவிட்டாள். அந்த அம்மாவும் கூப்பிட்டால் திரும்பினார்கள்.

போனில் அவர்கள் பேசினால் அது தமிழில் சொல்லும், செய்தி வாசிக்கிற மாதிரி. "எங்களுக்கு வேறு வீடு இல்லை. விற்றுவிட்டோம். இதுவே எங்கள் இல்லம்" என்றது ஒருநாள்.

"வாடகையும் இல்ல, வீட்டு வரியும் இல்ல. வெவரமான பொம்பளதான்" என்றாள் அந்தோணியம்மா.

காலையில் அந்த வண்டியிலிருந்து காப்பி வாசம் வரும். என் கடையில் நிற்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கமே மூக்கை நீட்டுவார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அந்த ஐயாவுக்குக் கல்தூசி ஒத்துக்கொள்ளவில்லை. இருமல். பொட்டலை ஒட்டி குருவையா அண்ணாச்சியின் புஞ்சைக்காடு, மழையை நம்பி விதைக்கிற நிலம். டிராக்டர் கிடைக்காமல் அந்த வருஷம் கோடை உழவு போடவில்லை. வெயிலில் கரிசல் காய்ந்து சிமிண்டுத் தளம் மாதிரி கிடந்தது. வெளியூர்க்காரர்கள் யார் பார்த்தாலும் ஏமாறுவார்கள். தூசிக்குத் தப்ப மேரியம்மா வண்டியை அதில் இறக்கி நடுக்காட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர்களும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார்கள்.

அண்ணாச்சி வந்து பார்த்தார். "மழைக்கு முந்தி எடுத்துருவாவல்லா, நிக்கட்டும்" என்று போய்விட்டார்.

மழை முந்திக்கொண்டது. புரட்டாசி மழை, ராத்திரியெல்லாம் அடித்தது. விடிந்து பார்த்தால் சக்கரம் பாதி மண்ணுக்குள். மேரியம்மா எடுக்கப் பார்த்தார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி இன்னும் உட்கார்ந்தது. நனைந்த கரிசல் அப்படித்தான், பிடித்தால் விடாது. வீடு கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. வானமும் தெளியவில்லை. அண்ணாச்சிக்கோ மண்ணின் ஈரப்பதம் தப்புவதற்குள் உழுது விதைக்க வேண்டும். அந்த ஒரு மழையை நம்பித்தான் அவருக்கு வருஷமே.

மேனேஜர் வந்து பார்த்தார். "ஜேசிபிய விட்டா அதுவும் புதையும். நாலு லோடு ஜல்லியத் தட்டி, மேல ஏத்திருவோம்" என்றார்.

அண்ணாச்சி வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "எங்க காட்ல ஒரு கல்லு கிடையாது. எங்கய்யா காலத்துலயும் கிடையாது" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. கரிசலில் ஜல்லி விழுந்தால் விழுந்ததுதான். பிறகு அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எத்தனை தலைமுறை பொறுக்கினாலும் கலப்பைக் கொழுவில் கல் தட்டும்.

மேரியம்மா முழங்கால் சேற்றில் நடந்து வந்து அவருக்கு ஒரு கப் காப்பி கொடுத்தார்கள். தன் வீடு முங்கிக்கொண்டிருக்கும்போது காப்பி போட எனக்குத் தோன்றாது. அண்ணாச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, "வேப்பெண்ணெ மாதிரில்லா இருக்கு" என்றார். ஆனால் மிச்சம் வைக்காமல் குடித்தார். கப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வீடுல்லா போகுது. ஜல்லியத் தட்டச் சொல்லுங்க" என்றார்.

மேரியம்மா போனை நீட்டினார்கள். மேனேஜர் நடந்ததை எல்லாம் அதில் சொன்னார். அந்த அம்மா கேட்டுவிட்டு, குனிந்து ஒரு கை மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார்கள். ஒரு குறுணிக்கல்கூட இல்லை. போனில் ஏதோ சொன்னார்கள். "கற்கள் வேண்டாம். நாங்கள் காத்திருக்கிறோம்" என்றது அது.

"காத்திருந்தா கூரதான் தெரியும்" என்றார் மேனேஜர்.

அண்ணாச்சி போடு என்கிறார், மேரியம்மா வேண்டாம் என்கிறார்கள். இப்படி ஒரு சண்டையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"ரெண்டு பேரும் நல்லவுகளா இருந்தா வண்டி எப்படிட்டி நகரும்?" என்றாள் அந்தோணியம்மா. சேலையைத் தூக்கிச் செருகினாள். "என் வீட்ல மாரு அடைஞ்சு வச்சிருக்கேன். அத எடுத்துட்டு வாங்க. மாரு மக்கிப் போகும், காட்ட ஒண்ணும் செய்யாது."

பருத்தி எடுத்து முடிந்ததும் பிடுங்கிக் காயவைத்த செடிதான் மார். எங்களுக்கு மழைக்காலம் முழுக்க அடுப்பெரிக்க அதுதான். அடைமழை தொடங்குகிற நேரத்தில் காய்ந்த விறகைச் சேற்றில் போடுவதென்றால் என்னவென்று பெண்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொருத்தியாக வீட்டுக்குப் போய்க் கட்டுக்கட்டாகத் தூக்கி வந்தார்கள். நானும் என் கட்டைப் போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, அடியில் மாரைத் திணித்து, பொட்டல் வரைக்கும் பாய் விரித்த மாதிரிப் பரப்பினோம். குவாரி இரும்புக் கயிற்றைக் கட்டி, கெட்டித் தரையில் நின்ற லாரி இழுத்தது. மேரியம்மா ஸ்டியரிங்கில். நாங்கள் பின்னால். ஐயாவும் தள்ளினார், மேலெல்லாம் கரிசல் சேறு, கண் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்தது. "இப்பத்தான் நம்மூரு ஆளு மாதிரி இருக்காரு" என்றாள் அந்தோணியம்மா. சிரிப்பில் இரண்டு பேர் பிடியை விட்டுவிட்டார்கள். வண்டி மார் முறியும் சத்தத்தோடு அசைந்து, நின்று, பிறகு ஒரே மூச்சில் பொட்டலில் ஏறியது.

மேரியம்மா இறங்கி அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. நேரே காட்டுக்குள் போய்ச் சேற்றிலிருந்து மாரைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேருமாக அலசி, வெயில் தலைகாட்டின போதெல்லாம் வண்டிக்கூரையில் காயவைத்தார்கள். மழை வந்தால் உள்ளே அடுக்கினார்கள், கட்டிலுக்கு மேலேயே. காய்ந்ததை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் கிளம்பினார்கள். அதற்குள் அண்ணாச்சி விதைத்துவிட்டார். வண்டி போகும்போது காட்டைவிட்டு ஏறாமலே ஒரு கையைத் தூக்கினார்.

குவாரி மூடிவிட்டது. பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர் கிடக்கிறது. அந்தோணியம்மா மகளோடு தூத்துக்குடி போய்விட்டாள். பருத்தி போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். மாரும் இல்லை, எல்லார் வீட்டிலும் கேஸ்தான். எனக்கும் அதுதான் வசதி.

அண்ணாச்சி காலமாகிவிட்டார். பிள்ளைகள் காட்டைச் சோலார்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, மழை முன்னைப் போல இல்லை. பலகைகளுக்கு அடியில் புல் முளைக்கக் கூடாதென்று காடு முழுக்க ஜல்லி விரித்திருக்கிறார்கள். இனி எந்த மழைக்கும் அங்கே சக்கரம் புதையாது. வண்டி நிறுத்த அருமையான தரை. சுற்றிலும் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள்.