தெற்குச் சதுப்பு வழியாக இரும்பு

விதி நான்கு, உட்பிரிவு இ: "சண்டையில் விருப்பமில்லை என்று எழுத்து மூலம் அறிவித்த ஆட்டக்காரரை வேறு எவரும், எந்த இடத்திலும், தாக்கக் கூடாது."

தெளிவான விதி. இதைவிட மோசமாக எழுதப்பட்ட விதிகளை வைத்துக்கொண்டு நான் பலருடைய விடுப்பை நிறுத்தியிருக்கிறேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவு. ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: நிர்வாகிகள் அந்த அறிவிப்பை ஏற்றுப் பதில் அனுப்பிய நாளிலிருந்துதான் விதி செல்லும்.

அந்த ஆண்டு என் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஈஜிபுராவில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. படி இறங்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. நவராத்திரிக்குப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கும் பேச்சே இல்லை. கணக்கு டீச்சராக ஓய்வு பெற்றவள் சும்மா இருப்பாளா? இணையத்தில் ஒரு விளையாட்டைப் பிடித்தாள். முன்பின் தெரியாத பலர் ஒரே உலகத்தில் இறங்கி, கட்டம் கட்டமாக எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். அவள் ஒரு தீவைத் தேர்ந்தெடுத்து ஒன்பது படி கொலு கட்டினாள். திருச்சியிலிருக்கும் தங்கை முதல் எல்லாரையும் அங்கேயே அழைத்துவிட்டாள். தீவுக்கு நீந்தித்தான் போக வேண்டும், புதிதாக வருகிறவர்கள் முழுகிவிடுவார்கள். ஆகவே பாலம். பாலம் கட்டுவது என் பொறுப்பு.

பாலத்துக்கு இரும்பு வேண்டும். இரும்பு வடக்கு மலையில் மட்டும். மலையிலிருந்து கடற்கரைக்கு ஒரே ஒரு கணவாய். கணவாயில் கொள்ளையர்கள் மூன்று பேர். அடி வாங்கினால் சாவதில்லை, கையில் இருப்பதெல்லாம் போய் அவரவர் படுக்கையில் விழித்துக்கொள்வோம். அமைதியாக வாழ விரும்புகிறவன் வாழலாம், இரும்பு மட்டும் கேட்கக் கூடாது. விண்ணப்பப் படிவத்தைப் பூட்டிய அறையில் வைத்திருந்த அதிகாரிகளை எனக்குத் தெரியும். இதை வடிவமைத்தவர் அவர்களிடம் பயிற்சி எடுத்தவராக இருக்க வேண்டும்.

மூன்று நடையில் ஒரு நடை கொள்ளை போயிற்று. விதி நான்கைக் காட்டி விளையாட்டின் நிர்வாகிகளுக்கு நான் மனு எழுதினேன். முறையான மனு. இணைப்பு ஒன்று, நாங்கள் செல்லும் வழியின் வரைபடம். இணைப்பு இரண்டு, செல்லும் நேரம், தினமும் காலை பதினொன்று. இணைப்பு மூன்று, கொண்டுவரும் இரும்பின் அளவு. முழு விவரம் இல்லாத மனுவை நானே எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். புகார்ப் பலகையில் ஒட்டினேன். அந்தப் பலகையை எல்லா ஆட்டக்காரர்களும் படிக்கலாம் என்பதைக் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து எல்லா நடையும் கொள்ளை போயிற்று.

ஒருநாள் கணவாயில் கணினி வழியே ஒரு குரல் கேட்டது. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"இன்னா சார், நோட்டீஸ்ல பதினொண்ணுன்னு போட்டுட்டு இப்ப வர்றீங்க. வேலைய விட்டுட்டு கால் மணி நேரமா நிக்கிறோம்."

"நீங்க எந்த ஊரு?" என்றேன்.

"அடுகோடி சார். லேத் பட்டறை." சொல்லிவிட்டு அடித்தான்.

எல்லையே இல்லாத உலகம் என்று விளம்பரம். கொள்ளைக்காரன் நடந்து போகும் தூரத்தில் இருந்தான்.

விளையாட்டில் என் படுக்கையில் விழித்தேன். வீட்டில், பக்கத்து நாற்காலியில் மனைவி காலை நீட்டிக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, வழியையும் நேரத்தையும் ஊருக்கே எழுதி ஒட்டிட்டு, திருடன் வர்றான்னா எப்படி?"

"மனு பரிசீலனையில இருக்கு."

"நவராத்திரிக்குப் பத்து நாள்தான் இருக்கு. நாலுல ஒரு பங்கு குடுத்துடறோம்னு அவன்கிட்ட நான் பேசட்டுமா?"

"லஞ்சமா? சர்வீஸ்ல ஒருத்தனுக்கும் குடுத்ததில்ல, வாங்கினதில்ல."

"அப்ப என் தங்கச்சி நீந்தி வரட்டும்."

தங்கைக்கு விளையாட்டில் நடக்கவே தெரியாது. இவள் நான்கு மாதமாக வீட்டை விட்டு இறங்காமல் அந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் கட்டியவள். அன்று பிற்பகல் முழுவதும் என் மனுவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை நிர்வாகிகள் படித்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. கொள்ளையர்கள் வரிக்கு வரி படித்திருந்தார்கள். என் பணிக்காலத்தில் இவ்வளவு கவனமான வாசகர்கள் எனக்குக் கிடைத்ததில்லை.

மாலையில் ஒரு திருத்திய இணைப்பு தாக்கல் செய்தேன். பாதுகாப்பை முன்னிட்டு இரும்பு இனித் தெற்குச் சதுப்பு வழியாக, மாலை நான்கு முதல் ஐந்துக்குள் கொண்டுவரப்படும். வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "சதுப்பு வழியா மலைக்குப் பாதை இருக்கா?"

"இல்ல."

"பொய் மனுவா? நீங்களா?"

"திருத்தம்," என்றேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு எங்களோடு கணவாயில் காற்று மட்டும் இருந்தது. அவள் முன்னால் நடந்தாள், நான் சுமந்தேன். ஒரு வாரம் ஒரு துண்டு இரும்புகூடக் கொள்ளை போகவில்லை. ஐந்தாம் நாள் மாலை அந்த லேத் பட்டறைக் குரல் வந்தது.

"சார், மூணு பேரும் இடுப்பளவு சேத்துல நிக்கிறோம். இன்னிக்காவது வருவீங்களா?"

"பரிசீலனையில் இருக்கிறது," என்றேன். அந்த வாக்கியத்தை அவ்வளவு மனநிறைவோடு நான் அதற்கு முன் சொன்னதில்லை.

அமாவாசையன்று பாலம் முடிந்தது. மறுநாள் திருச்சித் தங்கை இரண்டு முறை கைப்பிடிச் சுவரில் முட்டிக்கொண்டு, மூன்றாம் முறை தீவுக்கு வந்து சேர்ந்தாள். "அக்கா, முழங்கால் வலிக்காம ஒம்பது படி ஏறிட்டியே," என்றாள். என் மனைவி எல்லாப் படிகளையும் ஒருமுறை சுற்றிக் காட்டினாள்.

ஆயுத பூஜையன்று கொள்ளைக்காரனும் வந்தான். பட்டறைக்கு விடுமுறையாம். பாலத்தின் நடுவில் நின்று கீழே தட்டிப் பார்த்தான். "நல்ல இரும்பு சார்," என்றான். "சதுப்புல நீங்க வந்தீங்களா இல்லியா, அத மட்டும் சொல்லிடுங்க."

"மனுவில் உள்ளதற்கு மேல் சொல்வதற்கில்லை," என்றேன். சிரித்துக்கொண்டே போனான். எதையும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது நிர்வாகிகளின் பதில். மனுவும் திருத்திய இணைப்பும் ஏற்கப்பட்டன. இணைப்பில் கோரியபடி தெற்குச் சதுப்பு, மாலை நான்கு முதல் ஐந்து வரை, எங்களுக்கு அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படுகிறது. வடக்குக் கணவாய் பற்றி மனுதாரர் தற்போது ஏதும் கோராததால், அது குறித்து நடவடிக்கை தேவையில்லை.

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத உத்தரவு. கொலு முடிந்ததற்கு அடையாளமாக மனைவி மேல்படியில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். உத்தரவை அச்செடுத்து, பெறப்பட்ட நாளை அதன் மூலையில் குறித்தேன்: விஜயதசமி, பிற்பகல்.