வெற்றுத்தாளில் வாங்கிய கைரேகை

அறுபத்திரண்டு பேர் என்னை நம்பி வைத்த பெருவிரல் ரேகைகளைக் கொண்டு, அவர்கள் குடியிருந்த இடத்தையே இடித்துத் தரும்படி மனு எழுதியவன் நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அப்போது எனக்கு வயது இருபத்தாறு. மெட்ரிகுலேஷன் தேறியவன், ஆங்கிலம் நன்றாக எழுதுவேன், செய்வது இன்னதென்று தெரிந்தே செய்தேன். ரங்கூனில் மனு எழுதும் வேலைக்கு இன்றும் சில இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. சனிக்கிழமை மேஜை

என் முதலாளி ஓர் ஐரிஷ்காரர். உண்மைப் பெயர் வேண்டாம். ஹெனலி துரை என்று வைத்துக்கொள்வோம். கப்பலில் இன்ஜினியராக வந்து, ரங்கூன் துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங்கில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கடை போட்டு, பிறகு ஐரோப்பியர் தொகுதியில் நின்று நகரசபை மெம்பர் ஆனவர். நான் அவருடைய ரைட்டர். கடைக் கடிதங்கள் எழுதத்தான் சேர்ந்தேன். சேர்ந்த முதல் சனிக்கிழமையே கடை வாசலில் ஒரு மேஜையைப் போட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"குறை சொல்ல வருவாங்க. நீ கேட்டு எனக்குச் சொல்லணும், நான் சொல்றதை அவங்களுக்குச் சொல்லணும்" என்றார். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். இங்கே என் தமிழில் தருகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது.

காலை ஏழு மணிக்குக் கூட்டம் தொடங்கும். சாக்கடை அடைப்பு, லைசென்ஸ் தராத வண்டி, பிடித்துக்கொண்டு போன மாடு, தெருவிளக்கு. வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அவர் தொகுதியில் ஓட்டுக் கிடையாது. ஓட்டு உள்ள துரைமார்கள் சனிக்கிழமை காலையில் குதிரைப் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். இவரோ ஒரு கிழவியின் மாட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் விசாரிப்பார். மாட்டின் நிறம் என்ன, கன்று போட்டதா என்றெல்லாம் கேட்பார். நான் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத் தொண்டை வறண்டு போவேன்.

சாவு விழுந்தால் இன்னும் மோசம். பர்மியர் வீடோ, தமிழர் வீடோ, முஸ்லிம் காக்காமார் வீடோ, எங்கே என்றாலும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். அவர் ஊரில் உள்ளூர் அரசியல்வாதி ஒரு சாவுக்குப் போகாவிட்டால் அந்தக் குடும்பத்தின் ஓட்டு மூன்று தலைமுறைக்குப் போய்விடுமாம்.

"ஸார், இவங்களுக்குத்தான் ஓட்டே இல்லையே" என்றேன் ஒருநாள், மழையில் நனைந்துகொண்டு.

"செத்தவருக்கும்தான் இல்லை. நடந்து வா" என்றார்.

மனுக்கள் விஷயத்தில் அவர் வைத்திருந்த விதிதான் என்னை அதிகம் வாட்டியது. மனுவை ஆங்கிலத்தில் டிராஃப்ட் செய்ய வேண்டும். அதை எடுத்துக்கொண்டு அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கே போய், அவர்கள் பாஷையில் முழுவதும் படித்துக் காட்ட வேண்டும். ஒருவர் "இது வேண்டாம்" என்றால் அடித்துத் திருத்த வேண்டும். பிறகு ஃபேர் காப்பி எடுத்து, மறுபடி படித்துக் காட்டி, அதன் பிறகுதான் ரேகை வாங்க வேண்டும். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மனு. படித்துக் காட்டும்போது ஒருவர் இருமுவார், ஒருவர் எழுந்து போவார், ஒருவர் முதலிலிருந்து படிக்கச் சொல்வார். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறும்.

2. அலோன் பாரக்

அலோனில் ஆற்றை ஒட்டி ஒரு கூலி பாரக் இருந்தது. நீளமான மரக் கட்டடம், தகரக் கூரை. கப்பல் அணையும் ஜெட்டியில் மூட்டை தூக்கும் அறுபத்திரண்டு பேர் அதில் இருந்தார்கள். அவர்கள் அங்கே இருந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. விடியற்காலையில் மேஸ்திரி ஜெட்டி வாசலில் நின்று ஆள் கூப்பிடுவார். அப்போது அங்கே நிற்பவனுக்கு வேலை. கால் மணி பிந்தி வருபவனுக்கு அன்று பட்டினி. பாரக்கிலிருந்து ஜெட்டி கூப்பிடு தூரம்.

அவர்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வேண்டியிருந்தது. பேச வந்தவர் பெயர் சின்னக்கருப்பன். நாற்பது வயதிருக்கும். மூட்டைக் கொக்கி கிழித்து அவருடைய வலது பெருவிரலில் குறுக்காக ஒரு தழும்பு இருந்தது.

குழாய் மனுவை முறைப்படி இரண்டு தடவை படித்துக் காட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. ரேகை வாங்கி முடித்ததும், இங்க் பேடை மூடாமல், கூடவே கொண்டு போயிருந்த வெற்று ஃபூல்ஸ்கேப் தாள்களை எடுத்து வைத்தேன். கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர்கள் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ரேகைத்தாள் என்று பெயர். கையிருப்பாக வைத்துக்கொண்டால் அடுத்த மனுவுக்கு மறுபடி அலைய வேண்டாம்.

"இதுல ஒண்ணும் எழுதக் காணோமே, ரைட்டரய்யா?" என்றார் சின்னக்கருப்பன்.

"இன்னும் எத்தனையோ மனு போடவேண்டியிருக்கும். தேவைப்படறப்ப விஷயத்தை எழுதிக்கிறேன். என்னப்பா, நம்பிக்கை இல்லையா?"

"அட, நீங்க வேற. படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முதல் ஆளாக விரலை நீட்டினார். பின்னால் நின்ற ஒருவர், "பாத்து வையிண்ணே, ஒனக்கு ரெண்டாம் கல்யாணம்னு எழுதிடப் போறாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

3. மூன்று பாரா

மறு வருஷம் சட்டசபைத் தேர்தல் வந்தது. ஹெனலி துரை ஐரோப்பியர் தொகுதிக்கு நின்றார். எதிராக நின்றவர் ஒரு பெரிய ஆங்கிலேய வியாபாரி. ஐரிஷ்காரன் என்ற அவநம்பிக்கையே துரைக்குப் பாதி ஓட்டைக் குறைத்தது. மீதிப் பாதியைக் கையில் வைத்திருந்தவர்கள் அலோன் பக்கத்து பங்களாக்காரர்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: பாரக்கின் புகையும் வாடையும் எங்களுக்கு ஆகவில்லை, அதை அங்கிருந்து எடுக்க வேண்டும்.

துரை சொன்ன பதிலை நானே டைப் அடித்தேன். "அங்கே குடியிருப்பவர்களே கேட்டால் ஒழிய இதைப்பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்."

அந்தக் கடிதம் போன வாரத்தில் ஓட்டுகள் நழுவுவது கண்கூடாகத் தெரிந்தது. அவர் சட்டசபைக்குப் போனால் எனக்குக் காரியதரிசி உத்தியோகம் என்று பேச்சு. இத்தனை வருஷமாக மாடும் சாக்கடையும் மொழிபெயர்த்ததற்கு ஒரு பலன் வரும் நேரத்தில், ஓட்டே இல்லாத அறுபத்திரண்டு பேருக்காக இந்த மனிதர் எல்லாவற்றையும் கெடுக்கிறாரே என்று பொருமினேன்.

மேஜை டிராயரில் ரேகைத்தாள்கள் இருந்தன. மூன்று பாரா எழுதினேன். கட்டடம் பழுதாகிவிட்டது, காற்றோட்டம் இல்லை, வேறு நல்ல இடம் தந்து இதை இடித்துவிட வேண்டுகிறோம். இதில் பொய் அதிகம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டடம் உண்மையிலேயே பழுதுதான். அவர்களுக்கும் நல்ல இடம் கிடைக்கும். படித்தவன் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள அதிக நேரம் ஆவதில்லை.

துரை மனுவைப் படித்துவிட்டு, "படிச்சுக் காட்டினியா?" என்றார்.

"ரெண்டு தடவை, ஸார்."

அவர் நம்பினார். மனுவை நகரசபையில் தாக்கல் செய்தார். தேர்தலிலும் ஜெயித்தார்.

4. விரலும் வார்த்தையும்

மழைக்காலத்துக்கு முன்பே பாரக் இடிக்கப்பட்டது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் குழாய் போட்டிருந்தார்கள். சுவர், கூரை எல்லாம் போன பிறகு வெற்றுத்தரையில் குழாய் மட்டும் நின்றது. ஆட்களை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மிங்கலா தாங்ஞுன்ட்டில் கொட்டகை போட்டு இருத்தினார்கள். அங்கிருந்து அலோன் ஜெட்டிக்கு ஒரு மணி நேர நடை. மேஸ்திரி யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

சனிக்கிழமை சின்னக்கருப்பனும் நாலு பேரும் மேஜைக்கு வந்தார்கள். "நாங்க என்ன தப்பு பண்ணினோம்னு தொரைகிட்ட கேளுங்க. யாரு இடிக்கச் சொன்னதுன்னு கேளுங்க" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். துரை குழம்பிப்போய் உள்ளே சென்று மனுவின் நகலை அல்ல, நகரசபையிலிருந்து வாங்கி வைத்திருந்த அசலையே கொண்டுவந்து விரித்தார். "நீங்கதானே கேட்டீங்க" என்று ரேகைகளைக் காட்டினார். முதல் ரேகையில் தழும்பு குறுக்காக வெள்ளைக்கோடு போல விழுந்திருந்தது.

சின்னக்கருப்பன் தாளையும் தன் விரலையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்: "வெரலு என்னுதுதான். வார்த்த என்னுது இல்ல."

"என்ன சொல்றார்?" என்றார் துரை.

"விரல் தன்னுடையதுதான் என்கிறார்" என்றேன்.

இரண்டாவது வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. மூன்று பாராவைவிட இது பெரிய குற்றம் என்று இப்போது நினைக்கிறேன். எழுதியபோது அவர்கள் எதிரில் இல்லை. இப்போது முகத்துக்கு நேரே நின்றார்கள். அவர் மறுபடி சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் அது என் வாய் வழியாகத்தான் போகும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

5. ஒவ்வொருவராக

அந்த மழைக்காலம் முழுவதும் காரியதரிசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சின்னக்கருப்பனுக்கு இரண்டாம் வாரமே அவர் கோஷ்டியில் இடம் போயிற்று என்று கேள்விப்பட்டேன். இருபது வருஷம் ஒரே ஜெட்டியில் உழைத்தவர், மார்க்கெட்டில் கூடை தூக்கினார். ஒருநாள் மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்கும் கடை வாசலில் ஒருத்தியிடம், "கூடைக்குத் துட்டு எவ்வளவு தருவே?" என்று அவர் கேட்பதைப் பார்த்து, சட்டென்று பக்கத்துச் சந்தில் திரும்பினேன். அன்று மத்தியானம் துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். "அவங்க பேரெல்லாம் தெரியுமா உனக்கு?" என்றார்.

பதினோரு பேர்தான் தெரிந்தது. அவர் தம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். அவருக்கு நாற்பதுக்கு மேல் தெரிந்திருந்தது.

"மீதியைத் தெரிஞ்சுக்கோ. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாப் போய்ச் சொல்லு. கூட்டமா நிக்கவச்சுச் சொல்லாதே, அது உனக்குச் சுலபம். சொல்லி முடிச்சதும் வேலையை விட்டுப் போகலாம்."

அவர் தம் பங்கை மறுவாரமே செய்தார். சட்டசபையில் எழுந்து, தாம் நகரசபையில் தந்த மனு பொய்யானது, அதைச் சரிபார்க்காதது தம் பிழை என்று சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. அது எனக்கு மேலும் எரிச்சலாக இருந்தது. இடித்த இடத்தில் அதற்குள் கிடங்கு எழும்பியாகிவிட்டது. யாரும் அதை எடுக்கவில்லை. அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போய், அங்கே கவுண்டி சபை என்கிற ஜில்லா சபையிலும், பிறகு அவர்கள் நாட்டுப் பாராளுமன்றத்திலும் மெம்பர் ஆனார். ஒரு கடிதம் வந்தது. "இங்கே எல்லாருக்கும் படிக்கத் தெரியும். ஆனாலும் அவர்கள் மனுவை அவர்களுக்கே நான் படித்துக் காட்டுகிறேன். உன்னைப்போலவே எரிந்து விழுகிறார்கள்" என்று எழுதியிருந்தார்.

அறுபத்திரண்டு பேரில் ஆறு பேர் அதற்குள் கப்பலேறி ஊர் போய்விட்டார்கள். ஒருவர் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். மற்றவர்களைத் தேடிப் போய்ச் சொல்ல இரண்டு மாதம் ஆயிற்று. சிலர் திட்டினார்கள். ஒருவர் அறைந்தார். சிலர், "போங்க ரைட்டரே, இப்ப சொல்லி என்ன" என்று திரும்பிக்கொண்டார்கள். கொட்டகைக்கு ஒரு குழாய் கேட்டு மனு எழுதினேன். மூன்று தடவை படித்துக் காட்டினேன். குழாய் வந்தது. சின்னக்கருப்பன் மட்டும் அந்த மனுவில் ரேகை வைக்கவில்லை.

அவரைக் கடைசியாகத்தான் பார்த்தேன். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"தெரியும்" என்றார். "அன்னிக்கே தெரியும்."

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. எதுவானாலும் செய்றேன்."

என் பையைப் பார்த்தார். "பையில வெள்ளத்தாள் இருக்கா?"

இருந்தது. எடுத்தேன்.

"இங்க் பேட்டு?"

அதையும் எடுத்தேன்.

"அடியில ஒன் கையெழுத்தப் போடு. பக்கத்துல வெரல வையி."

"ஒன்", "போடு" என்றார். அதுவரை என்னிடம் அப்படி ஒருமையில் பேசியதில்லை. கையெழுத்திட்டு விரலை வைத்தேன். மேலே தாள் முழுவதும் வெறுமையாக இருந்தது. என்னையறியாமல், "இதுல என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டேன்.

மை காயும்வரை ஊதினார். நாலாக மடித்து இடுப்பு மடிப்பில் செருகினார்.

"தேவப்படறப்ப எழுதிக்கிறேன்" என்றார்.

அடுத்த மாதம் அவரும் கப்பலேறிவிட்டார். அதன்பிறகு நாற்பது வருஷம் இதே ஊரில் மனு எழுதினேன். படித்துக் காட்டாமல் ஒரு ரேகையும் வாங்கவில்லை. தபால்காரர் பழுப்பு உறை கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும், பிரித்ததும் முதலில் தாளின் அடியில் என் ரேகை இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தத் தாள் இன்னும் வரவில்லை.