இடப்பக்கம் எரியாத விளக்கு

என் மருமகன் அந்த விளக்குச் சுருளை முதன்முதலாக என் கையில் கொடுத்தபோது, பாவாடைக்கு வைத்துத் தைக்கிற நாடா மாதிரிதான் இருந்தது. அதே அகலம், அதே வழவழப்பு. முன்பக்கத்தில் மட்டும் கடுகு கடுகாகப் பொட்டுகள். பின்பக்கம் பசை, அதன் மேல் உரித்தெடுக்கிற தாள். "பிடிச்சுக்கிடுங்க அத்தை" என்று அவர் சொன்னார். நான் அந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகியும், எனக்கும் அவருக்கும் நடுவில் ஆள் இல்லாமல் அவர் என்னிடம் சொன்ன முதல் சொல் அதுதான்.

எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனுக்கு எதிரே போய் நிற்க மாட்டாள். அவர் வந்தால் ஒதுங்குவாள், பேச வேண்டியதை மகளிடம் சொல்வாள், மகள் அவரிடம் சொல்வாள். இந்தக் காலத்தில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு பேட்டையில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, பாளையங்கோட்டையில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் நான். மகள் சோற்றைச் சாப்பிடுகிறவளுக்கு மரியாதை ஒன்றுதான் சொத்து. என் மருமகனும் அந்த மரியாதையில் குறை வைத்ததில்லை என்றே நம்பியிருந்தேன். கூடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அடுக்களையிலிருந்து நான் அவருடைய இடப்பக்கமாகக் கடந்து போவேன். ஒரு நாளும் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. மாமியார் போகிறாள், பார்க்கக்கூடாது என்று இருக்கிறார் என நினைத்துக்கொள்வேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அவர் தனியார் பஸ் ஓட்டினார். ஜங்ஷனிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம், திரும்பவும் ஜங்ஷன். ஒரு நாளைக்கு நாலு நடை. அப்படிப்பட்டவர் ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது ஆட்டோவில் ஒரு கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு ஸ்டீயரிங், காலால் மிதிக்க மூன்று கட்டை. வாசல் பக்கத்துச் சின்ன அறையில் மேசை போட்டு எல்லாவற்றையும் மாட்டினார். அன்றிலிருந்து சாப்பிட்ட கை காயும் முன்னால் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

எனக்குச் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? தெருவில் ஒருவர் போனில் சீட்டு விளையாடி வீட்டுப் பத்திரம் வரை போய்விட்டது என்று பேச்சு இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் கீரை ஆய்கிற சாக்கில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். பஸ் உறுமுகிற சத்தம், ஹாரன் சத்தம், நடுநடுவே எதிலோ உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு. மகளைக் கூப்பிட்டு, "ஏட்டி, ஒம் மாப்ள உள்ள என்னதான் செய்யுதாரு?" என்று கேட்டேன்.

"பஸ் ஓட்டுதாரு."

"வெளிய ஓட்டுதது பத்தாதா?"

"எம்மா, ஒனக்கு எதைக் கண்டாலும் சந்தேகந்தான். விளையாட்டும்மா அது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

நாள் முழுவதும் ஓட்டல் அடுப்படியில் வெந்தவள் வீட்டுக்கு வந்தும் விளையாட்டுக்காகச் சோறு வடிப்பாளா? நாள் முழுவதும் ஸ்டீயரிங் பிடித்தவன் ஆசைக்காக மறுபடியும் ஸ்டீயரிங் பிடிக்கிறான் என்றால், அதில் ஆசையைத் தவிர வேறு என்னவோ இருக்கிறது. அது எது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குள் ஒரு நாள் காப்பி டம்ளரை அவருக்கு இடப்பக்கத்தில் வைக்கக் குனிந்தேன். அவர் கையை வீசினார், டம்ளர் கவிழ்ந்து காப்பி என் சேலையில் கொட்டியது. காப்பி சூடாக இருந்ததைவிட, அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு நொடி அப்படியே இருந்ததுதான் சுட்டது. பிறகுதான் பதறி எழுந்தார். எனக்குச் சோறு போட்டு அலுத்துவிட்டது போலிருக்கிறது, சொல்லாமல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு விளக்கு வாங்கப் போனோம். வண்ணார்பேட்டையில் ஒரு மின்சாமான் கடை. எனக்குத் தையல் நூல் வாங்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். கடைக்கார அண்ணாச்சி மூன்று வகையை எடுத்துப் போட்டார். ஒன்று மஞ்சளாக மட்டும் எரிவது. ஒன்று நிறம் மாறுவது, ஆனால் ஒரு நேரத்தில் முழுச் சுருளும் ஒரே நிறம். மூன்றாவதில் வெளிச்சம் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ஓடும். பச்சை ஓட, பின்னாலேயே சிவப்பு ஓட, கோயில் கொடையில் போடுகிற சீரியல் விளக்கு மாதிரி. மகள் மஞ்சளே போதும், கண்ணுக்கு இதம் என்றாள். மருமகன் மூன்றாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பொட்டு பொட்டா நகருததத் தனித்தனியா எண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"எண்ணி என்ன செய்யப் போறீரு வே? கொடைக்கு வந்த மேளக்காரனுக்குத் தலைய எண்ணி வெத்தல மடிக்கவா?" என்றார் கடைக்காரர். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மருமகன் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போய், அதையே கட்டச் சொன்னார். அலங்காரத்துக்கு வாங்குகிறவர் முகம் அப்படி இருக்காது. நான் நூல் கண்டைப் பையில் போட்டுக்கொண்டு அதை மனதில் குறித்து வைத்தேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மகள் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். மேசைக்கு வலப்பக்கத்தில் தொடங்கி, டிவி மாதிரி இருந்த அந்தத் திரைக்குப் பின்னால் ஓடி, மூலையில் திரும்பி, இடப்பக்கச் சுவரில் அவர் தோளுக்குச் சமமாக அந்த விளக்கு வரவேண்டும். ஒரு ஆள் நுனியைப் பிடிக்காமல் நேராக ஒட்ட முடியாது. அதனால்தான் கதவைத் திறந்து அந்தச் சுருளை என்னிடம் நீட்டினார். நானும் போனேன். மரியாதை போகிறதே என்று ஒரு மனம் சொன்னாலும், அந்த அறைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் அதைவிடப் பெரிதாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மூலையில் சுருளை வெட்டி, ஒரு கிளிப்பை மாட்டி, மறு துண்டைச் சேர்க்க வேண்டும். கத்தரி என் கையில் இருந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் நாற்பது வருடம் ரவிக்கைத் துணி வெட்டியவள். அளவு நாடா இல்லாமல் சாணில் அளந்து வெட்டினாலும் அக்குள் பிடிக்காது. அவர் ஏதோ, "கோடு போட்டிருக்கும், அத்தை" என்று சொல்லிக்கொண்டே கீழே குனிந்து ஒயரைத் தேடினார். எனக்கா கோடு காட்டுகிறார் என்று இருந்தது. மூலைக்கு எது சரியாக வருமோ அந்த இடத்தில் வெட்டினேன். செம்பு மின்னுகிற அந்தக் கோட்டில்தான் வெட்ட வேண்டும், தள்ளி வெட்டினால் அதற்கு மேல் கரண்ட் போகாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒட்டி முடித்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து திரையை நேராகப் பார்த்தபடி ஒரு சின்ன ரிமோட்டை அமுக்கினார். வலப்பக்கத்திலிருந்து நீலம் கிளம்பியது. திரைக்குப் பின்னால் ஓடியது. மூலையில் நின்றுவிட்டது. இடப்பக்கச் சுவரில் நான் ஒட்டிய துண்டு வெறும் நாடாவாகக் கிடந்தது. என் வெட்டு தப்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ரிமோட்டை மேசையில் வைத்தார்.

"சுத்தி எரியுதா, மாப்ள?" என்று கேட்டேன்.

"எரியுது, அத்தை."

"இந்தப் பக்கமுமா?"

"எல்லாப் பக்கமும். நல்லா ஓடுது."

எனக்குச் சுருக்கென்றது. மாமியார் வெட்டியதைத் தப்பு என்று சொல்லக்கூடாதென்று பூசி மெழுகுகிறார் என நினைத்தேன். என் கத்தரிக்கு ஒருவர் பரிதாபப்படுவதா? திரும்பி முகத்துக்கு நேராகச் சொல்லட்டும் என்று, நான் நின்ற இடத்திலிருந்தே கையிலிருந்த கத்தரியைத் தூக்கி அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கத்தரியைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனேன். இமை அசையவில்லை. இன்னும் கொஞ்சம். கண்ணுக்கு அருகில் இரும்பு வந்தால் யாருக்கும் தலை பின்னால் போகும். அவருக்குப் போகவில்லை.

நான் தைத்துக் கொடுத்த காக்கிச் சட்டைகள் அப்போது ஞாபகத்துக்கு வந்தன. எப்போதும் கிழிந்து வந்தது இடது கைதான். சேலையில் கொட்டிய காப்பி வந்தது. ஆறு வருடமாகத் தலை திருப்பாத அந்த மரியாதை வந்தது. கத்தரியைக் கீழே வைத்தேன்.

"இந்தப் பக்கம் எரியல, மாப்ள" என்றேன். "நான் தப்பா வெட்டிட்டேன். எரியவே இல்ல."

அவர் தலையை முழுவதுமாகத் திருப்பினார். இருண்டு கிடந்த விளக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திரையில் பஸ் நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது.

இடப்பக்கம் கண் தெரியாமல் போனது எப்போதிருந்து என்று தனக்கே தெரியாது என்றார். பொங்கல் சமயத்தில் கல்லிடைக்குறிச்சி தாண்டி ஒரு இளநீர் வண்டியின் குடையை உரசியிருக்கிறார். வண்டிக்காரன்தான் ரோட்டில் ஏறி நின்றான் என்று சண்டை போட்டிருக்கிறார். பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. எல்லாம் இடப்பக்கம். அதற்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டர். அதில் இடித்தால் யாரும் சாக மாட்டார்கள். அதிலும் இடப்பக்கமே இடித்துக்கொண்டிருந்தது. விளக்கு ஓடுகிறபோது எத்தனையாவது பொட்டில் தன் கண்ணை விட்டு மறைகிறது என்று எண்ணிப் பார்க்கத்தான் ஓடுகிற வகையாக வாங்கினாராம். இன்று மூலைக்கு அப்பால் ஒரு பொட்டுகூடத் தெரியவில்லை என்றதும், பயத்தில் எரிகிறது என்று சொல்லிவிட்டார்.

"வேற தொழில் தெரியாது, அத்தை. ஒங்க மவகிட்ட சொல்லிராதீங்க" என்றார். நாற்பது வயதுக்காரர், தலையைக் குனிந்துகொண்டார்.

நான் என்னைப் பற்றித்தான் முதலில் யோசித்தேன். அவர் சம்பளத்தில் ஓடுகிற வீடு அது. வாயைத் திறந்தால் அந்தச் சம்பளத்தை நிறுத்தியவள் நானாவேன். போய் உட்கார எனக்கு வேறு வாசல் கிடையாது. ஆனால் மறுநாள் ஆடி அமாவாசை. பாபநாசத்தில் முங்கித் திதி கொடுக்க ஊரே போகும். பஸ்ஸில் ஏற முடியாதவர்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரமாக, இடப்பக்கமாகத்தான் நடப்பார்கள்.

"நாளைக்கு வண்டி எடுக்காண்டாம்" என்றேன். "அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன். அப்புறம் இந்த வீட்டுல எனக்கு எடமில்லைன்னாலும் சரி."

அவர் போனை எடுத்து முதலாளியிடம் பேசினார். காய்ச்சல் என்றார், நாளைக்கு மட்டும் ஆள் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் வாசற்படியை விட்டு நகரவில்லை.

"காய்ச்சல் ரெண்டு நாள்ல போயிரும், மாப்ள" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பிறகு மறுபடியும் போனை எடுத்து, காய்ச்சல் இல்லை, கண் என்றார்.

கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. முதலாளி அவரை ஸ்டாண்டில் நேரம் குறிக்கிற வேலைக்கு மாற்றினார். மகள் ஒரு வாரம் அழுதாள். அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். முன்பும் பேசாதவர்தானே என்று மகள் நினைத்துக்கொண்டாள். முன்பிருந்தது வேறு, இது வேறு என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். தை பிறந்த பிறகுதான் ஒரு நாள் கேட்டார், "அந்தத் துண்டைச் சரியா வெட்டித் தாறீங்களா, அத்தை?" என்று. செம்புக்கோட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். இப்போது சுற்றிலும் எரிகிறது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து இன்னும் அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறார். மருந்து ஒழுங்காகப் போடுகிறேன், பார்வை அப்படியே இருக்கிறது, குறையவில்லை என்று சொல்கிறார். ஒரு தரம் என்னிடம் எரிகிறது என்று சொன்னவர், இன்னொரு தரம் சொல்ல மாட்டாரா? நான் காப்பி கொண்டுபோகும்போது இப்போதெல்லாம் என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். பார்த்துத்தான் சிரிக்கிறாரா, டம்ளர் சத்தம் கேட்டுச் சிரிக்கிறாரா என்று எனக்கு ஒரு குடைச்சல்.

போன வாரம் வெறுங்கையோடு, வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, சத்தமில்லாமல் அவருடைய இடப்பக்கத்தில் போய் நின்றேன். நீலம் வலப்பக்கத்திலிருந்து கிளம்பி, மூலை திரும்பி, என் சேலை மேல் ஓடி மறைந்தது. பச்சை வந்தது, சிவப்பு வந்தது. அவர் திரையையே பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். கொஞ்சம் முன்னால் நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம். பிறகு இருமினேன்.

தலையைத் திருப்பிச் சிரித்தார். "எப்பம் வந்தீங்க, அத்தை?"

"இப்பந்தான்" என்றேன்.