ஜீவந்தரன் மாட்டிய ராக்கெட்டுகள்

அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கிறவனுக்கு ஆகாய விமானம் எதற்கு என்று திருப்பருத்திக்குன்றத்தில் கேட்காத ஆள் கிடையாது. ஜினகுமார் தன் பாட்டுக்குக் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தான். அவன் தம்பி ஜீவந்தரன் விமானப் படையில் சேர்ந்து, அறுபத்தைந்தாம் வருஷம் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் வடக்கே ஏதோ ஒரு விமானத் தளத்தில் குண்டு விழுந்து செத்துப்போனான். ஊருக்கு அவன் தகரப் பெட்டிதான் வந்தது. அதில் நாலு சட்டையும் ஹண்டர் என்கிற போர் விமானத்தின் படமும் இருந்தன.

அந்தப் படத்தைப் பார்த்துக் கல்யாண முருங்கைக் கட்டையில் முழ நீளத்துக்கு ஒரு விமானத்தைச் செதுக்கி முடிக்க ஜினகுமாருக்கு ஒரு வருஷம் ஆனது. அம்மா மதனவதி அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். பிள்ளை போனதிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான். பிறகு, "இதுல நம்ம ஜீவா எந்த எடத்துலடா வேலை செய்வான்?" என்று கேட்டாள்.

பிளேன் ரிப்பேர் வேலை என்றுதான் ஜீவந்தரன் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். இறக்கைக்கு அடியில் ஆயுதம் மாட்டுவதுதான் அவன் வேலை என்பது ஜினகுமாருக்கு மட்டும் தெரியும். படத்தில் அந்த இடம் மொட்டையாக இருந்தது. வெறும் இடத்தைக் காட்ட மனசு வராமல், அப்புறம் காட்டுகிறேன் என்று சொல்லி விமானத்தை வாங்கி வைத்துவிட்டான்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். பழைய பேப்பர் கடையில் பத்திரிகைகளைக் குடைந்து ஒரு ராக்கெட் படத்தைக் கண்டுபிடித்தான். பட்டு நெய்கிற கலியாணசுந்தரத்திடம், தறியில் ஓடுகிற நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றி வைக்கிற தார்க்குச்சிகளில் உடைந்தவற்றைக் கெஞ்சி வாங்கினான். அதைச் சீவி, பவுடர் டப்பாத் தகரத்தில் வால் வெட்டி ஒட்டி, தலைக்கு மெழுகை உருட்டி வைத்தான்.

செவிலிமேட்டில் சாமுவேல் என்று ஒருவர், விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்தத் தடித்தலை ராக்கெட், வெள்ளைக்காரன் ஜெர்மனியோடு மல்லுக்கட்டிய காலத்துச் சரக்கு, நம்ம ஹண்டரில் தொங்கியது இதுவா என்று கேட்டார். நம்முடையதற்கு மூக்கு ஒல்லி, ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கித் தொங்கும் என்று சுவரில் கரியால் போட்டுக் காட்டினார். ஜினகுமார் எல்லாவற்றையும் உடைத்துப் போட்டு மறுபடி ஆரம்பித்தான். செவிலிமேட்டுக்கு நடையாய் நடந்தான். மூக்கு சரி, வால் கோணல் என்பார். வால் சரி, நிறம் தப்பு என்பார். கடைசியில் ஒருநாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்குதுபா" என்றார். ஜினகுமார் அங்கேயே அழுதுவிட்டான்.

முழு முட்டாள். எறும்பு ஊர்ந்தால் ஒதுங்கி நடக்கிற சமண வீட்டுத் தாயிடம் இதைப் போய் எப்படிக் காட்டுவது என்று ஒரு நிமிஷம் யோசித்தானா? சரியாக வந்துவிட்ட சந்தோஷம் அவன் கண்ணை மறைத்துவிட்டது.

மதனவதி விமானத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஜீவா கை பட்ட இடம் இதுதான், இதை அவன் மாட்டினால்தான் பிளேன் சண்டைக்குக் கிளம்பும் என்று ஜினகுமார் பெருமையாகச் சொன்னான். இது என்ன என்று அவள் கேட்டாள். அதையும் சொன்னான்.

"இதுல ஒண்ணு வுழுந்தா எத்தினி பேர் சாவாங்க?"

அதன் நீளம் அவனுக்குத் தெரியும், வாலின் கோணம் தெரியும். இதை மட்டும் சாமுவேலிடம் அவன் கேட்டதே இல்லை.

"ஒரு புழு சாவக் கூடாதுன்னு தண்ணியக் கூட வடிகட்டித்தானடா குடுத்து வளத்தேன்," என்றாள். குரல் ஏறவில்லை. "நல்ல கதிக்குப் போயிருப்பான்னு நெனச்சிக்கினு இருந்தேன். அது ஒண்ணுதான் எனக்கு இருந்துது."

பிய்த்துப் போட்டுவிடுகிறேன் என்று ஜினகுமார் இறக்கையில் கை வைத்தான். அவன் செய்ததை நீ பிய்த்தால் போய்விடுமா என்று சொல்லித் தடுத்துவிட்டாள்.

சதுர்த்தசி தோறும் பட்டினி கிடந்து, மகனுக்கு நல்ல கதி வேண்டிக் கோயிலுக்குப் போய் வருவது அவள் வழக்கம். அடுத்த சதுர்த்தசிக்கு அவள் எழுந்திருக்கவில்லை. ஜினகுமார் போய்க் கூப்பிட்டான்.

"போயி இன்னாத்தக் கேக்கறது?" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.