கொத்தனார் இல்லாத அரபு நாடு

தம்பி மகள் நிவேதா காலையிலிருந்து என் உயிரை வாங்குகிறாள். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற அரபு நாட்டுக் கதை விளையாட்டாம். அதை விழுப்புரத்து ஆட்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதுகிறாளாம். "அத்தை, நீங்க திருடன். இல்லன்னா பூதம்," என்று பகடையை உருட்டினாள்.

அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயசில் இருந்த கோட்டக்குப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டு மும்தாஜும் நானும் புளியங்கொட்டையை உருட்டி இதே அரபு நாடு விளையாடுவோம். அவள் அப்பாவை அத்தா என்பாள். அரபு நாட்டில் வேலை பார்த்த அவர் அங்கிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்தால் அத்தர் வாசனை தெருவுக்கே வரும். எப்பவும் நான்தான் ராஜா, அவள்தான் திருடி.

ஒருநாள் கேட்டாள். "எங்க அத்தா அங்க கல்லு தூக்கிக்கினு வீடு கட்றாருடி. உன் நாட்ல திருடனும் ராஜாவும் மட்டும்தானா?"

"ராஜா சொன்னா கேளு," என்றேன். கொட்டைகளை என் மடியில் கொட்டிவிட்டுப் போனவள் அப்புறம் விளையாட வரவேயில்லை.

"ஜல்தி சொல்லுங்க அத்தை!" நிவேதா அரண்மனைகள் வரைந்த தாளை என் முன் நீட்டினாள்.

"என்னாடி பேஜாரு! இத்தனை அரண்மனை வரைஞ்சிக்கீறியே, கட்டினவன் எங்கடி? எனக்குக் கொத்தனார் வேஷம் குடு."

"கொத்தனாரா? பேரு?"

"மும்தாஜோட அத்தா. அவரு வந்தா ராஜா எழுந்து நிக்கணும், அதையும் எழுதிக்கோ."